கண்ணாடிக்கு அப்பால்

லூயிஸ் ஹே 1984இல் வெளியிட்ட 'யூ கேன் ஹீல் யுவர் லைஃப்' உலகெங்கும் பெருந்தொகையாக விற்பனையான நூல். கண்ணாடி முன் நின்று தன்னைத் தானே நேசிப்பதாகச் சொல்லும் பயிற்சியை அது விதந்துரைக்கின்றது. பிறரது ஏச்சையே தமது பெறுமதியாகக் கொண்டு வளர்ந்தோர்க்கு, சிறப்பாக நம் பெண்களுக்கு, இது ஓரளவு பயன்தரும் என்பதை மறுப்பதற்கில்லை. அந்த எதிர்பார்ப்புடனேயே நூலைக் கையிலெடுத்தேன்.

ஆயின், ஒருவருக்கு நேர்வன யாவற்றுக்கும் அவரது எண்ணங்களே பொறுப்பு என்பதே நூலின் அடித்தளம். நோய்களுக்கு மனக்காரணங்களை அட்டவணையிடும் ஆசிரியர், வறுமையையும் தகுதியின்மை உணர்வின் விளைவாகவே காண்கின்றார். கூலியும் சீதனமும் இப்பார்வைக்குள் வருவதில்லை. 2004 டிசம்பர் 26இல் பெரியநீலாவணைக் கரையிற் பிள்ளையைக் கடலுக்குப் பறிகொடுத்த தாயிடம், எந்த எண்ணம் அந்த அலையைக் கொணர்ந்தது என வினவுவதா? தன்னை நேசிக்கச் சொன்ன நூல், துன்புற்றவரையே குற்றவாளியாக்கும் இடம் இது. கண்ணாடிப் பயிற்சியோடு வாசிப்பை நிறுத்தியிருக்கலாம்.