கேட்போர் இல்லாத வாதம்

பிறர் மனத்தை மாற்றுவதற்காக எழுதப்படுவதே வாதக் கட்டுரை. அந்தப் பிறர் யார் என்ற வினாவுக்கு விடையில்லாமல் அத்தகைய கட்டுரையை எழுதவும் இயலாது; மதிப்பிடவும் இயலாது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் இவ்வகைக் கட்டுரை நெடுங்காலமாக முக்கியப் பயிற்சியாக இருந்து வருகிறது. அதற்கு மதிப்பெண் இடும் முறையை ஆராய்ந்தால், இந்த எளிய வினாவை அம்முறை எவ்வளவு தூரம் மறந்துவிட்டது என்பது புலனாகும்.

குறையைச் சொல்லுமுன் அம்முறை வேரூன்றிய காரணத்தைச் சொல்வது நியாயம். 1912இல் ஸ்டார்ச், எலியட் என்னும் இரு ஆய்வாளர்கள், பள்ளி மாணவர் எழுதிய ஆங்கிலத் தேர்வுத்தாள்களை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களிடம் கொடுத்துத் திருத்தச் செய்தனர். ஒரே தாளுக்கு ஓர் ஆசிரியர் 64 மதிப்பெண் இட்டார். மற்றொருவர் 98 இட்டார். 1961இல் டீடரிக் என்பவரும் அவருடைய உடனாய்வாளர் இருவரும், கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தோர் எழுதிய 300 கட்டுரைகளைப் பல துறை சார்ந்த 53 பேரிடம் அளித்து, ஒன்பது தரங்களுள் ஒன்றை இடுமாறு கேட்டனர். ஐந்து வெவ்வேறு தரங்களுக்குக் குறைவாகப் பெற்ற கட்டுரை ஒன்றுகூட இல்லை. சிலர் கருத்தைப் பார்த்தனர். சிலர் அமைப்பைப் பார்த்தனர். சிலர் நடையின் சுவையையும், சிலர் சொல்லாட்சியையும், சிலர் பிழைகளையும் பார்த்தனர். தாள் எவர் கையில் விழுகிறதோ அதைப் பொறுத்து மாணவனின் விதி அமைந்தது. இந்த அநீதிக்கு மருந்தாகவே, எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று வகுத்துரைக்கும் அளவுகோல்கள் வலுப்பெற்றன. அந்நோக்கத்தை நாம் குறை கூறவில்லை.

ஆயினும் மருந்துக்கும் ஒரு விலை உண்டு. பலர் ஒரே மதிப்பெண் இட வேண்டுமானால், பலர் கண்ணுக்கும் ஒன்றாகத் தெரிவதையே அளக்க வேண்டும். பத்திகளின் எண்ணிக்கை, முன்னுரை, முடிவுரை, 'எனினும்', 'ஆகவே' போன்ற இணைப்புச் சொற்கள் ஆகியவை எவர் கண்ணுக்கும் தெரியும். சான்று உண்மையா, எதிர்த்தரப்பை நேர்மையாக எடுத்துரைத்தானா என்பவை நின்று நிதானித்துப் படிப்போர்க்கே தெரியும்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் 2005இல் புகுத்தப்பட்ட கட்டுரைப் பகுதி. மாணவன் 25 நிமிடங்களில் ஒரு பொதுப் பொருள் பற்றித் தன் நிலையை நிறுவ வேண்டும். இருவர் படித்துத் தலைக்கு 1 முதல் 6 வரை மதிப்பெண் இடுவர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எழுத்துக்கலை பயிற்றிய லெஸ் பெரல்மன், வெளியிடப்பட்ட மாதிரிக் கட்டுரைகளை ஆராய்ந்து, நீளம் கூடக்கூட மதிப்பெண்ணும் கூடுவதை அவ்வாண்டிலேயே எடுத்துக்காட்டினார். தகவல் பிழைகளுக்காக மதிப்பெண் குறைக்க வேண்டாம் என்பதே திருத்துவோர்க்கு இடப்பட்ட விதி. நூலகமில்லா அறையில் எழுதுபவனிடம் வரலாற்று ஆண்டுகளைத் துல்லியமாகக் கேட்பது முறையன்று என்ற வாதத்தில் பொருளுண்டு. ஆனால் பதினேழு வயது இளைஞன் அவ்விதியிலிருந்து கற்கும் பாடம் வேறு: சான்று இருப்பதாகத் தோன்றினால் போதும் என்பதே அது. 2016இல் இம்முறை மாற்றப்பட்டு, பிறர் எழுதிய வாதத்தை ஆராயும் பயிற்சியாயிற்று; 2021இல், சில மாநிலங்கள் பள்ளி நாளில் நடத்தும் தேர்வு நீங்கலாக, கைவிடவும் பட்டது.

இன்னொன்றையும் நோக்குவோம். 2012இல் ஹியூலெட் அறக்கட்டளை, கட்டுரைகளுக்குக் கணினியே மதிப்பெண் இடும் வழியைக் காணப் போட்டி ஒன்றை நடத்தியது. அதற்கு அளிக்கப்பட்டவற்றுள் ஏறத்தாழ 1,800 கட்டுரைகள் பத்தாம் வகுப்பு மாணவர்கள் ஒரே பொருள் பற்றி எழுதியவை. சிலருக்கு ஒவ்வாத நூல்களை நூலகத்திலிருந்து அகற்றலாமா என்பது பொருள். நாளிதழுக்கு எழுதுவதாகக் கருதி எழுத வேண்டும். எத்துணை உயிருள்ள வினா! ஆனால் மதிப்பெண் இட்டவர் எவரும் நூலை அகற்றும் அதிகாரம் உடையவரல்லர். மனம் மாற வேண்டிய தேவையும் அவர்க்கில்லை. ஒரு மாணவி தன் ஊர் நூலகத்தில் நடந்ததை உள்ளபடி எழுதினாள் என்றும், மற்றொருத்தி இல்லாத ஆய்வொன்றைப் புனைந்து எழுதினாள் என்றும் வைத்துக்கொள்வோம். எடுத்துக்காட்டு இருக்கிறதா என்று மட்டும் கேட்கும் அளவுகோலுக்கு இருவரும் ஒன்றே.

அண்மைக்கால முயற்சிகள் சில ஓரடி முன்னேறியிருக்கின்றன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2022இல் நடந்த மற்றொரு போட்டியில், மாணவர் கட்டுரைகள் நிலைப்பாடு, கூற்று, சான்று, எதிர்க்கூற்று, மறுப்பு, முடிவு எனப் பகுக்கப்பட்டு, ஒவ்வோர் உறுப்பும் பயனுள்ளதா, போதுமானதா, பயனற்றதா என்று தனித்தனியே தரம் காணப்பட்டது. முழுக் கட்டுரைக்கும் ஓர் எண்ணைச் சூட்டி அனுப்புவதினும் இது மேல். எங்கே தளர்ந்தோம் என்று மாணவனுக்கு இது காட்டும். எனினும் எதிர்க்கூற்று இருக்கிறது என்பதனாலேயே அது எதிரியின் கூற்றாகிவிடாது. வீழ்த்துவதற்கென்றே நிறுத்தப்பட்ட வைக்கோற் பொம்மையும் அப்பெயரைத் தாங்கி நிற்கக் கூடும்.

எனவே இரண்டு உரைகற்களை நாம் முன்வைக்கிறோம். ஒன்று: மாணவன் எதிர்த்தரப்பை உரைத்துள்ள பகுதியை அத்தரப்பினர் ஒருவர் படித்தால், 'ஆம், நான் சொல்வது இதுவே' என்று ஏற்பாரா? மற்றொன்று: கூறிய சான்று மெய்தானா? இவ்விரண்டுக்கும் விடை காண ஆசிரியருக்கு நேரம் வேண்டும். மாணவனுக்குத் தேடிப் பார்க்கும் வசதி வேண்டும். ஆகவே கடிகாரத்தை வைத்து நடத்தும் தேர்வறை இதற்கு ஏற்ற இடமன்று. வகுப்பறையில், எதிர்க் கருத்துடைய தோழன் ஒருவன் முதலில் படித்து மறுப்புரை எழுத, அதைக் கண்டு மாணவன் தன் கட்டுரையைத் திருத்த, அத்திருத்தத்தையே ஆசிரியர் மதிப்பிடுவாராயின், கட்டுரைக்கு உண்மையான செவி ஒன்று கிடைத்துவிடும்.

இம்முறையில் மதிப்பெண்கள் ஆசிரியருக்கு ஆசிரியர் சற்று வேறுபடும் என்பர். வேறுபடட்டும், இருவர் படித்துப் பேசி முடிவு செய்யலாம். முன்னுரை முதல் முடிவுரை வரை பழுதற்ற வடிவத்தைக் கணினியே நொடியில் இயற்றித் தரும் காலம் இது. வடிவத்துக்கு மட்டும் பரிசளிக்கும் பள்ளி, இனி எவருக்குப் பரிசளிக்கிறோம் என்பதையே அறியாது. தான் நம்புவதை, நம்பாதவர் ஒருவரின் முகத்தைப் பார்த்து, மெய்யான சான்றோடு சொல்லக் கற்ற மாணவனே நாளை வாக்களிக்கவும், வழக்குத் தீர்க்கவும், நாளிதழில் எழுதவும் தகுதியுடையவன். அவனை அடையாளம் காணும் அளவுகோலே நமக்கு வேண்டுவது.