அழாத துக்கம்

நம் நாவல்களில் ஞாபகம் சொன்னபடி கேட்கிற வேலைக்காரன். கதாநாயகன் சாய்வு நாற்காலியில் சாய்ந்து மோட்டுவளையைப் பார்த்தால் போதும். பத்து வருஷத்துக் கதை வரிசை பிசகாமல் வந்து கைகட்டி நிற்கும். இன்பமான ஞாபகங்கள் அப்படி வரலாம். மனசை உடைத்த ஞாபகம் அப்படி வருவதில்லை. கூப்பிட்டால் வராது; கூப்பிடாதபோது கதவை இடித்துக்கொண்டு வந்து நிற்கும்.

இதை அறிந்து எழுதப்பட்ட நாவல், வர்ஜீனியா உல்ஃப் 1925ல் வெளியிட்ட ‘மிஸஸ் டாலவே’. 1923 ஜூன் மாதத்தில் லண்டனில் ஒரே நாளில் நடக்கும் கதை. அதில் வரும் செப்டிமஸ், முதல் உலக யுத்தத்திலிருந்து திரும்பியவன். அவனுடைய மேலதிகாரியும் நண்பனுமான எவன்ஸ், சண்டை ஓய்வதற்குச் சற்று முன்பு இத்தாலியில் இறந்துபோனான். செப்டிமஸ் அழவில்லை. கலங்காமல் இருந்துவிட்டோமே என்று தன்னையே மெச்சிக்கொண்டான். நாலரை வருஷம் கழித்து, ரீஜண்ட்ஸ் பார்க்கில் சாம்பல் நிற உடுப்பில் யாரோ நடந்து வருகிறார். செப்டிமஸின் கண்ணுக்கு அவர் எவன்ஸ். உடம்பில் சேறும் இல்லை, காயமும் இல்லை.

1915ல் சார்லஸ் மையர்ஸ் என்ற டாக்டர் ‘ஷெல் ஷாக்’ என்ற பெயரை வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். குண்டின் அதிர்ச்சியே காரணம் என்று பலர் நினைத்த காலம் அது. உல்ஃப் வேறொன்றைக் காட்டுகிறார். குண்டு மட்டும் அல்ல, அன்று உணர மறுத்த மனசும் சேர்ந்துதான் இந்த நோயை வளர்த்தது. அழுது அனுப்பிவைக்காத மனிதன் இறந்தகாலத்துக்குப் போகாமல் பார்க்கிலேயே நடமாடுகிறான்.

அவனுக்கு ஒன்றுமில்லை என்கிறார் ஒரு டாக்டர். மனைவியிடமிருந்து பிரித்து ஓய்வு இல்லத்துக்கு அனுப்பச் சொல்கிறார் இன்னொருவர். பொறுமையாக உட்கார்ந்து கேட்டவர் இல்லை. கடைசி நாளில் மனைவி லுக்ரேஸியாவுடன் சேர்ந்து ஒரு தொப்பி அலங்கரிக்கிறான், சிரிக்கவும் செய்கிறான். கொஞ்ச நேரம் ஞாபகம் விலகி நிற்கிறது. மாடிப்படியில் டாக்டரின் காலடி கேட்கிறது. ஜன்னல் வழியே குதித்துவிடுகிறான். நாவலில் என்னை மிகவும் பாதித்த பக்கங்கள் இவை.

எனக்கு ஒரு குறையும் உண்டு. இந்த மரணச் செய்தி, விருந்து நடத்தும் சீமாட்டி ஒருத்திக்கு வாழ்க்கையைத் தெளிவுபடுத்த உதவுகிறது. டாக்டர் கொடுத்த மருந்தில் உறங்கிப்போன லுக்ரேஸியாவையோ நாவல் அப்படியே விட்டுவிடுகிறது. அவள் கண்விழித்த பிறகு அந்த ஜன்னலை எப்படிப் பார்த்திருப்பாள்? அங்கே இன்னொரு ஆறாத ஞாபகம் பிறக்கிறது.

சாவு வீட்டில் ‘ஆம்பிள்ளை அழலாமா’ என்று அதட்டுகிறவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். அந்த அதட்டலுக்குப் பணிந்து கண்ணைத் துடைத்துக்கொண்ட பையனின் பிற்காலத்தை எழுத, சாய்வு நாற்காலி உத்தி உதவாது.