மொழி தெரியாத ஊரில் கோல வகுப்பு

வெளிநாட்டில் கோலம் சொல்லிக்கொடுக்க ஒரு வாய்ப்பு வந்தால் நம் பெண்கள் முதலில் தயங்குவது பாஷைக்காகத்தான். அந்த ஊர்ப் பேச்சு தெரியாமல் வகுப்பை எப்படி நடத்துவது, யாராவது சந்தேகம் கேட்டால் என்ன சொல்வது என்று பின்வாங்கிவிடுகிறார்கள். அந்தத் தயக்கம் வேண்டியதில்லை என்பது என் கட்சி. கோலத்தை யாரும் பேச்சால் கற்றுக்கொண்டதில்லை, ஆகவே பேச்சு குறைவதால் அதற்குப் பெரிய நஷ்டம் வந்துவிடாது. இதற்குச் சான்று தேடிக் கடல் தாண்டவும் வேண்டாம், பென்னாகரம் வட்டாரமே போதும். ஒகேனக்கல்லில் காவிரியைக் கடந்தால் கர்நாடகம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் வீட்டு மொழிகளாகப் புழங்கும் எல்லைப்புறம் இது. ஒரு வீட்டில் கோலம் என்பார்கள், இன்னொரு வீட்டில் ரங்கோலி என்பார்கள், மற்றொன்றில் முக்கு என்பார்கள். மார்கழி பிறந்துவிட்டால் இந்த வித்தியாசம் யாருக்கும் தடையாக இருப்பதில்லை. எதிர் வாசலில் புதிதாக ஒன்று தெரிந்தால் தண்ணீர்க் குடத்தோடு போகிறவள் ஒரு நிமிஷம் நின்று புள்ளிகளை எண்ணிக்கொள்கிறாள். இரண்டு நாளில் அது அவள் வாசலுக்கு வந்துவிடுகிறது, நடுவே ஒரு வார்த்தை பரிமாறிக்கொள்ளாமலேயே. தமிழே பேசும் வீடுகளிலும் இதே கதைதான். எந்தத் தாயும் மகளை உட்காரவைத்துக் கோலத்துக்கு விளக்கவுரை சொன்னதில்லை. தள்ளி நில், பார், இந்த ஓரத்தை நீ முடி என்பதோடு பாடம் முடிந்துவிடும்.

கோலத்தில் கற்க வேண்டியது என்ன என்று பார்த்தால் இது ஏன் சாத்தியமாகிறது என்பது புரியும். முதலில் இழை. புதிதாகப் போடுகிறவர்கள் எல்லோரும், எந்த நாட்டுக்காரரானாலும், பென்சிலால் எழுதுவதுபோல மாவைத் தரையில் தேய்க்கப் பார்ப்பார்கள். தேர்ந்த கை தரையைத் தொடுவதே இல்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சிட்டிகை மாவு. கட்டைவிரல் மெல்ல உருண்டு கொடுக்கக் கொடுக்க மாவு ஒரே சீராக இறங்குகிறது. கை ஓர் அங்குல உயரத்தில் நகர்கிறது, இழை தானாக அதன் இடத்தில் போய் விழுகிறது. வளைவை உண்டாக்குவது மணிக்கட்டு அன்று, தோளும் இடுப்பும்தான். அதனால்தான் குனிந்து போடும் பாட்டியின் வளைவுக்கு உள்ள அழகு சம்மணமிட்டுப் போடுகிறவருக்கு எளிதில் வருவதில்லை. மேலைநாடுகளிலும் ஜப்பானிலும் இன்று பலர் ஆசையாகக் கற்கும் பிஸ்கட் அலங்கார வகுப்புகளைப் பாருங்கள். முட்டை வெள்ளைக்கருவும் பொடித்த சர்க்கரையும் அடித்துச் செய்த ஐசிங்கைக் கூம்புப் பையில் நிரப்பிக் கோடு இழுக்கிறார்கள். அங்கும் முதல் பாடம் இதேதான்: முனையைப் பிஸ்கட்டில் வைத்து இழுக்காதே, தூக்கிப் பிடி, இழை விழட்டும். ஐசிங் பதமாக இருக்கிறதா என்று பார்க்க அவர்கள் கத்தியால் அதன் மேல் ஒரு கீறல் கீறி, கீறல் எத்தனை விநாடியில் மூடிக்கொள்கிறது என்று எண்ணுகிறார்கள். பரப்பை நிரப்ப ஒரு பதம், ஓரம் கட்ட அதைவிடக் கெட்டியான ஒரு பதம். நம்முடைய மாக்கோலத்துக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. அரைத்த அரிசி மாவில் துணியை நனைத்துப் பிழிந்தால் மோதிர விரல் வழியே இழை அறாமல் இறங்க வேண்டும், தரையில் பட்டபின் பரவக் கூடாது. இந்த இரண்டு சோதனைகளையும் ஒரு தடவை செய்து காட்டினால் யாருக்கும் விளங்கும். வாயால் விளக்கப் போனால்தான் குழப்பம்.

இரண்டாவது, கணக்கு. ஒரு சிக்குக் கோலத்தில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டை எடுத்துக்கொண்டால் அவற்றின் நடுவே நடக்கக்கூடியது இரண்டில் ஒன்றுதான். ஒன்று, இழைகள் குறுக்கே வெட்டிச் செல்லும், அல்லது வெட்டாமல் வளைந்து திரும்பும். வரிசைக்கு 4 புள்ளியாக 3 வரிசை வைத்தால் 12 புள்ளிகள். அவற்றின் நடுவே 17 இடைவெளிகள். பதினேழிலும் வெட்டிப் போனால் முழுக் கோலமும் ஒரே இழையாக முடிந்து, தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். 3 வரிசைக்கு மும்மூன்று புள்ளி வைத்து இதையே செய்தால் மூன்று தனித்தனி இழைகள் வரும். வரிசை எண்ணுக்கும் புள்ளி எண்ணுக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணி எதுவோ அத்தனை இழை. நம் பாட்டிகள் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள், ஆனால் எந்தப் புள்ளிக்கு எந்தக் கோலம் ஒரே இழையில் கூடும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி இதைப் பார்த்து வியந்து நின்றுவிடாமல் ஆய்வாகவே எடுத்துக்கொண்டார். அவரும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து கோலங்களுக்குக் கணினி இலக்கணம் வகுத்த கட்டுரை 1974இல் வெளிவந்தது. பின்னால் கம்பிக் கோலத்தை, முன்னே போவது, வலம் திரும்புவது, இடம் திரும்புவது என்று சில அசைவுகளின் தொடராகவே கிஃப்ட் சிரோமணியும் சக ஆய்வாளர்களும் எழுதிக் காட்டினார்கள். ஜப்பானில் கிவாமு யானகிசாவாவும் ஷோஜிரோ நகாதாவும் இந்த ‘வெட்டுமா, வெட்டாதா’ என்ற கேள்வியிலிருந்தே கோல வடிவங்களை ஆராய்ந்து 2007இல் கட்டுரை எழுதினார்கள். பென்னாகரத்து வாசலையும் ஜப்பானிய ஆய்வாளரையும் சேர்த்துவைக்கப் புள்ளிகளே போதுமானதாக இருந்தன என்பதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

வகுப்புக்கு இதனால் என்ன பயன் என்றால், தவறை யாரும் சுட்டிக்காட்ட வேண்டாம். இழை கூடவில்லை என்றால் போட்டவருக்கே தெரிந்துவிடும். எந்த இடைவெளியில் பிசகினோம் என்று அவரே பின்னோக்கிப் போய்த் தேடுவார். ஆசிரியை ஒரு விரலை நீட்டினால் மிகுதி. இலக்கியமோ இசையோ சொல்லித்தருகிற ஆசிரியருக்கு இந்த வசதி கிடையாது. அங்கே சரி எது, தவறு எது என்பதற்கே நிறையப் பேச வேண்டும். பிழையைத் தானே காட்டிக்கொடுக்கும் கலைகள் மொழி எல்லையை எளிதாகத் தாண்டும் என்பதற்கு உலகத்தில் வேறு சாட்சிகளும் உண்டு. பசிபிக் கடலில் வனுவாட்டு என்ற தீவு நாட்டில் மணலில் ஒரே விரலால், விரலை எடுக்காமல், வளைகோடுகள் வரைகிறார்கள். அந்நாட்டின் நடு, வடதீவுகளில் ஏறத்தாழ 80 மொழி இனத்தார் வாழ்கிறார்கள். அவர்கள் தமக்குள் செய்தி சொல்லிக்கொள்ள இந்தக் கோடுகளும் ஒரு வழியாக வளர்ந்தன என்று யுனெஸ்கோ குறித்திருக்கிறது. 2003இல் அதை மானுடத்தின் அரும்பெரும் மரபுகளில் ஒன்றாக அறிவித்தது, 2008இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆப்பிரிக்காவில் அங்கோலாவின் சோக்வே மக்கள் மணலில் புள்ளி வைத்து அதைச் சுற்றி வரையும் ‘சோனா’ கோலங்களைப் படத்தில் பார்த்தாலே போதும், நம் ஊர்ப் பெண் ஒருத்தி இது எத்தனைக்கு எத்தனை புள்ளி என்று சொல்லிவிடுவாள். அங்கே வரைகிறவர்கள் ஆண்கள்.

இங்கேதான் ஒரு கனமான மறுப்பு எழுகிறது. வனுவாட்டிலும் அங்கோலாவிலும் கோடுகளோடு கதையும் சேர்ந்தே வருகிறது, வரைகிறவர் சொல்லிக்கொண்டே வரைகிறார். கதை விட்டுப்போனால் மிஞ்சுவது வெறும் உரு அல்லவா? அதுபோலவே அரிசி மாவு எறும்புக்கும் குருவிக்கும் என்பதும், விடியும் முன் சாணி தெளித்த ஈர மண்ணில் போடுவது என்பதும், செம்மண் பட்டைக்கு உரிய நாளும் சொல்லாமல் போய்விட்டால் அந்நியர் கையில் கோலம் வெறும் அலங்காரமாகத்தானே நிற்கும்? இந்தக் கேள்வியை நான் லேசாகத் தள்ளமாட்டேன். கை வேலையைச் சைகையால் கொடுத்துவிடலாம், காரணத்தைக் கொடுக்க முடியாது. ஆனால் நம் வீட்டில் வளர்ந்தவர்களும் காரணத்தை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. வருஷக்கணக்காகப் போட்டபின், துக்க வீட்டு வாசல் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்து, திவசத்தன்று வேலை முடியும்வரை கோலம் போடாமல் இருப்பதைப் பார்த்து, தானாகத் தெரிந்துகொண்டார்கள். வெளிநாட்டு மாணவிக்கு அந்த வாழ்க்கை இல்லை என்பது உண்மை. ஆகவே அவளுக்கு முதலில் எழுத்தில் தர வேண்டியது கோலம் போடும் முறையன்று, போடாத நாட்களின் பட்டியல். கோலம் இல்லாத வாசல் என்ன சொல்கிறது என்று தெரிந்தவருக்குக் கோலம் உள்ள வாசல் தானே விளங்கும். அதை அந்த ஊர் மொழியில் யாராவது ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். விரிவாக வேண்டுகிறவர்களுக்கு விஜயா நாகராஜன் ஆங்கிலத்தில் எழுதி ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட நூல் இருக்கிறது. கோலத்தை உயிர்களுக்குச் சோறிடும் செயலாகவே அவர் பார்க்கிறார்.

இன்னொரு மறுப்பு, படமும் காணொளியும் இருக்கும்போது ஆசிரியை எதற்கு என்பது. படம் முடிந்த கோலத்தைக் காட்டும், எந்தப் புள்ளியில் தொடங்கி எப்படிப் போனது என்பதைக் காட்டாது. காணொளி வழியைக் காட்டும், ஆனால் விரலிடுக்கில் மாவு எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறது என்பது அதில் தெரியாது. பக்கத்தில் நின்று, மாணவியின் கட்டைவிரல் மேல் தன் விரலை வைத்து ஒரு சாண் இழை போட்டுக் காட்டினால் அந்த அழுத்தம் கை மாறிவிடுகிறது. அச்சுத் தட்டும் ஒட்டுக் கோலமும் கொண்டுபோகிறவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அவற்றில் கற்பதற்கு எதுவும் கிடையாது.

அழைப்பு வந்தால் தயங்காமல் போங்கள் என்றுதான் சொல்வேன். சன்னமான கல்மாவு கொஞ்சம், அரிசி மாவு கொஞ்சம், கறுப்பு அட்டை ஒரு கட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பெரும்பாலும் கம்பளம் விரித்த கூடம்தான் கிடைக்கும், ஈரமான மண் தரை கிடைக்காது. உலர்ந்த பரப்பில் மாவு சிதறும் என்பதால் அட்டையில் ஈரத்துணியால் ஒரு தடவை ஒற்றிக்கொள்ளுங்கள். முதல் நாள் முழுக்க வெறும் இழை மட்டும் போதும். மறுநாள் 3 வரிசைக்கு நான்கு நான்கு புள்ளி. அது ஒரே இழையாகக் கூடியபின் 3க்கு 3 வைத்து, மூன்றாகப் பிரியும் இழைகளை ஒன்றாக்க எந்த வெட்டுகளை நீக்க வேண்டும் என்று அவர்களையே கண்டுபிடிக்க விடுங்கள். இரண்டு போதும். எந்த இரண்டு என்பதை நீங்கள் சொல்லாதீர்கள்.