ஆறு நிமிடப் படமும் முழுநீளப் படமும்

சிறுகதையை நீட்டினால் மட்டும் புதினம் ஆகிவிடாது. நீட்டும்போது எதைப் பெற்றோம், எதை இழந்தோம் என்பதே திறனாய்வு கேட்கவேண்டிய கேள்வி. திரைப்படத்துக்கும் இவ்வளவுகோல் பொருந்தும்.

தென்னாப்பிரிக்காவில் பிறந்த நீல் ப்ளோம்காம்ப், 2006ஆம் ஆண்டில் ‘அலைவ் இன் ஜோபர்க்’ என்னும் குறும்படத்தை அளித்தார். ஓடும் நேரம் ஏறத்தாழ ஆறு நிமிடம். ஜோகன்னஸ்பர்க் நகரில் வந்து தங்கிவிட்ட விகார உருவுடைய வேற்றுலக உயிர்களைப் பற்றி நகர மக்கள் அச்சத்தோடும் வெறுப்போடும் பேசுகின்றனர். அப்பேச்சுகளிற் பல நடிப்பல்ல. ஜிம்பாப்வே, நைஜீரியா நாடுகளிலிருந்து குடியேறியவர்களைப் பற்றி இயக்குநர் வினவ, மக்கள் கூறிய மெய்யான விடைகள். மனிதரைக் குறித்துச் சொன்ன சொற்கள் பூதங்களுக்கும் அப்படியே பொருந்தின. அக்குறும்படத்தின் ஆற்றல் அதிலேதான் இருக்கிறது.

பீட்டர் ஜாக்சனின் தயாரிப்பில், ஏறத்தாழ 3 கோடி டாலர் செலவில், இக்கரு 2009இல் ‘டிஸ்ட்ரிக்ட் 9’ என்னும் முழுநீளப் படமாக விரிந்தது. 1966இல் வெள்ளையர் பகுதியென அறிவிக்கப்பட்டு, 60,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்ட கேப்டவுனின் ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்’ பகுதியை அப்பெயரே நினைவூட்டுகிறது. விரிவினால் கிடைத்த பெரும்பேறு விக்கஸ் என்னும் பாத்திரம். குடிசைதோறும் சென்று, வெளியேற்ற அறிவிப்பில் கையொப்பம் வாங்கும் அலுவலர் அவர். சிறுகச் சிறுகத் தாமே அவ்வுயிராக மாறுகிறார். குறும்படத்தில் வெளியே நின்று கேட்ட நாம், இங்கே விரட்டுபவரின் தோலுக்குள்ளேயே புகுந்துவிடுகிறோம்.

இழப்பும் சிறிதன்று. முழுநீளப் படத்தில் நைஜீரியர்கள் இனப்பெயரோடு வருகின்றனர். ஆனால் கொள்ளைக் கூட்டத்தாராகவும், மாந்திரீக நம்பிக்கையால் வேற்றுலக உயிர்களின் ஊனை உண்போராகவும் மட்டுமே வருகின்றனர். திரையரங்குகள் இப்படத்தை நிறுத்த வேண்டுமென்று நைஜீரியத் தகவல்துறை அமைச்சர் டோரா அகுன்யிலி 2009இல் கேட்டுக்கொண்டதில் வியப்பில்லை. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதத்தில்தான், தென்னாப்பிரிக்காவில் குடியேறியோர்மீது எழுந்த வன்முறையில் 60க்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தனர்.

எவர் பட்ட இழிவைக் காட்டப் பூதம் படைக்கப்பட்டதோ, அவரையே பெரிய படம் பூதமாக்கிவிட்டது. கதைக்கு ஒரு பகைவன் தேவைப்பட்டபோது, குறும்படத்தில் நாம் கேட்ட அதே தெருப்பேச்சைப் படமும் நம்பிவிட்டது. பிறமொழி வழங்கும் நகரங்களில் வேரூன்றி வாழும் நமக்கு இக்குறை எளிதில் புலப்படும்.

சிறந்த படத்துக்கானது உட்பட நான்கு ஆஸ்கார் பரிந்துரைகளைப் பெற்ற இப்படம் காணத்தக்கதே. ஆயினும் ஆறு நிமிடப் படத்தை முதலில் கண்டுவிட்டுப் பின்னர் இதைக் காண்பதே முறை என்பது நம் துணிபு.