தொடக்கும் தண்டும்

முதுகலை மாணவர் ஒருவர் அண்மையிற் சொற்பட்டியல் ஒன்றைத் திருத்தத்திற்கெனக் கொணர்ந்தார். திருப்பெரும்புதூரை அடுத்த ஒரகடத்துத் தொழிற்சாலைகளிற் பணிபுரியும் இளைஞர் சிலர் விடுமுறை நாள்களிற் கூடி, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி ஆடும் கற்பனை விளையாட்டு ஒன்றனைத் தமிழில் ஆட விரும்புகின்றனர். அதன் படைக்கலப் பெயர்களைத் தமிழாக்கும் பொறுப்பு இவர்பால் வந்தது. வாள், வேல், வில் என்பவற்றில் இடர்ப்பாடு இல்லை. கூரற்ற படைகளும் சங்கிலிப் படைகளுமே இடர் தந்தன. தலை பருத்த அடிபடை அனைத்திற்கும் 'கதாயுதம்' என்று எழுதியிருந்தார். கைப்பிடியிற் பூட்டிய சங்கிலியின் முனையில் முள்ளுருண்டை தொங்கும் படைக்குத் 'தொடக்கு' என்று எழுதி, 'சிலப்பதிகாரச் சொல்' எனப் பக்கத்திற் குறித்துமிருந்தார். இக்கட்டுரை அக்குறிப்பின்மேல் எழுந்தது.

தொடக்கு என்பது சிலப்பதிகாரச் சொல்லே. ஐயமில்லை. அடைக்கலக் காதையின் இறுதியில் மதுரை மதிலின் பொறிகளை இளங்கோவடிகள் நிரல்படக் கூறுமிடத்து அது வருகின்றது. ஆயின் அங்கு அது எறிந்து சுழற்றும் படையன்று. மதிலைப் பற்றி ஏறுவான் கழுத்திற் பூட்டி முறுக்குதற்குரிய சங்கிலி என்றே உரை செல்கின்றது. அதனோடு ஒருங்கு நிற்பது தூண்டில். ஒன்று மாட்டி இழுப்பது. மற்றொன்று பூட்டிப் பிணிப்பது. இரண்டும் ஓர் இனத்தன. அவ்விடத்தின் சூழலும் நோக்குதற்குரியது. அங்குப் போர் இல்லை. மாதரி என்னும் இடைக்குல மகள் கண்ணகியை அழைத்துக்கொண்டு மாலைப் பொழுதில் மதில்வாயில் கடக்கின்றாள். பொறிகள் யாவும் வாளா கிடக்கின்றன. கோவலனைக் கொல்லப்போகும் நகரம் தன் வாயிலை எத்துணைக் காவலோடு வைத்திருந்தது என்பதைப் புலவர் காட்டும் இடம் அது. அவ்விடத்துச் சொல்லைப் பெயர்த்தெடுத்துத் தனி வீரன் ஒருவன் கையிற் கொடுத்தல் சொல்லுக்கும் கேடு, காப்பியத்திற்கும் கேடு.

தமிழிற் சங்கிலி யாண்டும் பிணிக்கும் பொருளாகவே வருதல் கருதத்தக்கது. 'சங்கிலி' என்னும் சொல் வடமொழிச் சிருங்கலை என்பதன் வழிவந்தது; அதற்கு முற்பட்ட தமிழ்ச் சொல் 'தொடர்'. புறநானூற்று 74-ஆம் பாட்டிற் சேரமான் கணைக்கால் இரும்பொறை, குடவாயிற் கோட்டத்துச் சிறையிருந்து, தொடராற் கட்டுண்ட நாய்போல் நீர் இரந்து உண்ணும் வாழ்வை இகழ்கின்றான். அங்குத் தொடர் மானக்கேட்டின் அடையாளம். யானைத் தளையும் அத்தகையதே. பிணிப்பதும் பிணிப்புண்பதுமே தொடரின் தொழில். அதனாற் புடைத்தார் என்று பாடிய புலவரை யான் கண்டிலேன். (ஒரகடத்து இளைஞருக்கோ சங்கிலி என்றால் முதலில் நினைவில் எழுவது எந்திரம் தூக்கும் 'செயின் பிளாக்', 2013 முதல் அங்கு மோட்டார் சைக்கிள்கள் உருவாகி வருதலின், அவற்றின் சங்கிலியும் உடன் எழும். பிணித்து இழுத்தல் என்னும் பழைய தொழில் அங்கும் மாறவில்லை.)

இனி, மேனாட்டார்க்குச் சங்கிலிப் படை எங்ஙனம் வாய்த்தது? அவர்தம் உழவர் கதிரடித்தற்கு இருகோல் பிணைத்த கருவி ஒன்று வைத்திருந்தனர். நெடுங்கோலின் முனையில் குறுங்கோல் ஒன்று தளர்வாகப் பூட்டப்பட்டு ஆடும். பதினைந்தாம் நூற்றாண்டிற் பொகீமிய நாட்டு ஊசியச் சமயப் போரில் உழவர் அதற்கு இரும்பு கட்டிப் படைக்கலமாகக் கொண்டனர். இது வரலாறு. குறுங்கைப்பிடியும் முள்ளுருண்டையும் உடையதாக விளையாட்டுகளிற் காணப்படும் வடிவமோ ஐயத்திற்குரியது. அருங்காட்சியகங்களில் உள்ளவற்றுட் பல பிற்காலத்துச் செய்யப்பட்டவை என்பர் ஆராய்ந்தோர்.

நம் உழவரிடம் அத்தகைய பிணைகோல் வழக்கு வேரூன்றவில்லை. தாள் ஓங்கித் தரையில் அடிப்பர். பின் கடாவிட்டு மிதிப்பிப்பர். இதற்குச் சான்று உழவு நூலில் தேடவேண்டுவதில்லை. போர்ப் பாட்டிலேயே உளது. தொல்காப்பியர் வாகைத் திணையில் ஏரோர் களவழியையும் தேரோர் களவழியையும் அருகருகே வைத்தார். புறநானூற்றுப் புலவர் போர்க்களத்தை நெற்களமாக்கிப் பாடுங்கால், யானையே கடா ஆகின்றது, வாளே அக்கடாவை ஓட்டும் பனைமடல் ஆகின்றது, பிணக்குவையே போர். கால்கோட் காதையிலும் செங்குட்டுவன் வெற்றி இவ்வாறே உருவகம் பெறுகின்றது. கதிரடிக்கும் கோல் இவ்வுருவகங்களில் இடம்பெறாமை வியப்பன்று. களத்தில் இல்லாதது கவிதையிலும் இல்லை. பொகீமிய உழவன் கையில் இருந்தது பிணைகோல், அவன் அதனைப் படையாக்கினான். தமிழ் உழவன் முன் நின்றது கடா, புலவன் அதனை யானையாக்கினான்.

கூரற்ற படைகளுக்கு வருவோம். எழு, கணையம், சீப்பு என்பன மதுரை மதிற்பட்டியலில் உடன் நிற்கும் பெயர்கள். கதவுக்கு வலியூட்டும் மரங்கள். சங்கப் புலவர் அரசர் தோளுக்கும் கைக்கும் எழுவை உவமை கூறினர். காத்தற் குறிப்பு அதன்கண் உண்டு. வான்மீகத்தில் அனுமன் கிங்கரரை எதிர்க்குங்கால் எடுப்பதும் வாயிலிற் கிடந்த இரும்புக் கணையமரமே. மகேந்திரவர்மன் குடைவித்த மண்டகப்பட்டுக் குகைக்கோயிலில் வாயிற்காவலர் பெருந்தண்டின்மேற் சாய்ந்து நிற்கின்றனர். ஐம்படைத்தாலியில் வாளோடும் வில்லோடும் தண்டும் இடம்பெறுகின்றது. அணிபவன் சிறுவன், நோக்கம் காவல். இவற்றை ஒருசேர வைத்து நோக்குழி, தமிழ் மரபிற் கூரற்ற படை வாயிலுக்கு உரியது, கூரிய படை களத்துக்கு உரியது என்று கொள்ள இடம் உண்டு.

மறுப்பு எழும் என்பதை அறிவேன். வீமனும் துரியோதனனும் தண்டு கொண்டு பொருதது வாயிலில் அன்று. அரக்கர் உலக்கையும் தண்டும் ஏந்திக் களம் புகுந்தனர். உண்மை. ஆயினும் அவை வடநாட்டுக் கதை வழி வந்த களங்கள் என்பதை மறத்தலாகாது. உக்கிரபாண்டியன் மேருவைச் செண்டால் அடித்த கதை இன்னும் வலிய தடை. ஆனால் அங்கும் அடி கொல்லுதற்கன்று. காலம் தாழ்த்த மலையைத் தண்டித்தற்கு. 'தண்டம்' என்னும் சொல் கோலையும் ஒறுத்தலையும் ஒருங்கே குறித்தல் இதனோடு இயையும். ஆதலின் என் கூற்றைச் சிறிது தளர்த்துகின்றேன்: வாயிற்கேயன்றி ஒறுப்பிற்கும் உரியது என்க.

ஒரகடத்திற்கு வடகிழக்கே அணித்தாக உள்ள மணிமங்கலம் இதற்கு ஒரு துணை. இரண்டாம் புலிகேசியை நரசிம்மவர்மன் வென்ற களங்களுள் ஒன்றாகக் கூரம் செப்பேடு அதனைக் கூறும். அவ்வூர்ப் பெருமாள் கோயிற் சுவரில் இரண்டாம் இராசேந்திரன் மெய்க்கீர்த்தி உளது; 1054-ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த கொப்பத்துப் போரை அது விரிக்கும். யானையின் நெற்றியிலும் அரசன் தொடையிலும் அம்பு தைத்தமையே அங்கு முன்னிற்கின்றது. சோழர் கல்வெட்டு வழக்கில் 'தண்டு' பெரும்பாலும் கையிற் கொள்ளும் படையன்று, திரண்ட சேனை. அதன் தலைவன் தண்டநாயகன்.

விளையாட்டு நூலார் செய்ததும் ஒரு வகையில் வியப்பிற்குரியது. 1974-இல் அமெரிக்காவிற் கைகாக்சும் ஆர்னிசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டில், சமயகுருவாகிய பாத்திரம் கூரிய படை ஏந்தலாகாது, அடிபடையே ஏந்தலாம் என்று விதித்தனர். குருதி சிந்தலாகாது என்பது அதற்குக் கூறும் காரணம். பதினோராம் நூற்றாண்டுப் பேயூத் திரைச்சீலையில் ஓடோ என்னும் ஆயர் தடி ஏந்தித் தோன்றுவதைச் சான்றாகக் காட்டுவர், அச்சான்று வலியுடையதன்று. எனினும் படையை ஏந்துவானது தகுதியோடு பொருத்திய அவ்விதி, எல்லாவற்றையும் பகடையெண்ணாக்கிய பிற விதிகளைவிட நம் புறத்திணைக்கு அணுக்கமானது. விளையாட்டுத்தானே என்று புறந்தள்ளுவார் இதனை நோக்குக.

மாணவர்க்கு யான் கூறியவை இவை. தலை பருத்த படைக்குத் 'தண்டு' என்றே இடுக, கதாயுதம் வேண்டா. நீண்ட மர அடிபடைக்கு 'உலக்கை' பொருந்தும். அஃது அடுக்களைப் பொருளன்றோ என நகைப்பார் நகைக்கட்டும், பிணைகோலும் களத்துப் பொருளே. பிணைகோலுக்கு 'தொடக்கு' ஆகாது. அச்சொல்லை அங்கு வைத்தால், நாளை அவ்விளையாட்டின் வழியாகச் சிலம்பிற்கு வரும் இளைஞன் மதுரை மதிலில் முள்ளுருண்டை சுழலக் காண்பான். கழுத்திற் பூட்டும் சங்கிலியைக் காணான். வேறு சொல் யாது என்று அவர் வினவினார். பழைய வழக்கிற் கிடைத்திலது. 'பிணைதடி' எனப் புதிது புனையலாம் என்றேன். அது வண்டிச் சக்கரத்தின் உறுப்புப்போல் ஒலிக்கின்றது என்று நண்பர்கள் கூறினராம். தொடக்கு என்பதை அவர் அடித்துவிட்டார். அதற்கு நேரே பட்டியல் இன்னும் வெறிதாகவே உள்ளது.