பாயைச் சுருட்டிய பெருமாளும் வேகவதியும்

காஞ்சிபுரத்தில் வேகவதி எங்கே என்று கேட்டால், பாலத்துக்குக் கீழே கறுப்பாக ஓடுகிற ஒன்றைக் காட்டுவார்கள். ஊர்ப்பேச்சில் அது சாக்கடை. அடைமழை பெய்தால்தான் 'ஆத்துல தண்ணி வருது' என்கிற பேச்சு வரும்.

இந்த ஆற்றோடு சேர்ந்த திருவெஃகா கோயிலுக்கு இரண்டு கதைகள் உண்டு. யாகத்தில் தன்னை ஒதுக்கிய பிரம்மாவின்மீது கோபங்கொண்டு சரஸ்வதி வேகவதியாகப் பெருகி வருகிறாள். பெருமாள் குறுக்கே படுத்து அணையாகிறார். இது ஒன்று. மன்னன் கணிகண்ணனை ஊரைவிட்டு விரட்டுகிறான். குரு திருமழிசையாழ்வாரும் உடன் கிளம்புகிறார். அவர் சொல்லவே பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடக்கிறார். இது மற்றொன்று. 'சொன்னவண்ணம் செய்த' என்ற பெயர் இப்படி வந்ததுதான்.

ஆற்றை 'மீட்கும்' திட்டங்களைப் பிரதியாக வாசித்தால் முதல் கதை மட்டுமே கிடைக்கிறது. கரையைப் பலப்படுத்து, ஆக்கிரமிப்பை அகற்று, நடைபாதை போடு, பூங்கா வை. கரையோரக் குடும்பங்களுக்கென்று கீழ்க்கதிர்ப்பூரில் அடுக்குமாடி எழுந்தது. வெள்ளம் புகும் இடத்தில் யாரும் குடியிருக்கக் கூடாது, சரி. ஆனால் 'ஆக்கிரமிப்பு' என்ற சொல் குடிசையைச் சட்டென்று சுட்டுகிறது. ஆற்றுக்குள் நீட்டியிருக்கும் கழிவுக் குழாயைச் சுட்டுவதில்லை. குழாயும் ஆக்கிரமிப்புதானே?

பட்டையே எடுத்துக்கொள்வோம். கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு கோந்து. சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து அதை நீக்கிய பிறகே சாயம் நன்றாக ஏறும். பட்டின் மினுமினுப்புக்குப் பாலாற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று இந்த ஊர் பெருமை பேசும். கோந்தும் சாயமும் கலந்த தண்ணீர் எங்கே போகிறது என்று சேலைக் கடையில் யாரும் கேட்பதில்லை. சாயம் போடுபவரை மட்டும் குற்றவாளியாக்குவதும் அநியாயம். சேலையின் லாபம் அவர் வீட்டில் சேர்வதில்லை. கழிவைச் சுத்திகரிக்கும் செலவை விற்பவரும் அரசும் ஏற்காமல் ஆறு தெளியாது.

இப்போது 'பசுமை உள்கட்டமைப்பு' என்று ஒரு சொல் வந்திருக்கிறது. பெய்த மழையைப் பெய்த இடத்திலேயே மண்ணுக்குள் இறக்குவது, சிமெண்டுக்குப் பதில் நாணலும் கோரையும் கரையைப் பிடிப்பது, வெள்ளத்துக்கு அகலம் விடுவது. ஏரியும் வரத்துக்கால்வாயும் குளமும் வெட்டிய ஊருக்கு இது அந்நியமல்ல. ஆனால் அதே பெயரில் அலங்காரமும் நடக்கலாம். சியோலில் மேம்பாலச் சாலையை இடித்து 2005இல் திறந்துவிட்ட சொங்கேச்சொன் ஓடையில் ஓடுவது பெரும்பாலும் ஹான் ஆற்றிலிருந்து பம்பு வைத்து இறைக்கும் தண்ணீர். 5.8 கிலோமீட்டர் நீளம். நாளொன்றுக்குச் சுமார் 1,20,000 டன். ஊர் குளிர்ந்தது உண்மை. அங்கே பிழைத்த தெருவியாபாரிகள் விரட்டப்பட்டதும் உண்மை. மழைக்கு மட்டுமே ஓடும் வேகவதியில் மீதி மாதங்களுக்கு எதை இறைப்போம்? கழிவை நிறுத்தாமல் பூங்கா வைத்தால், சாக்கடைக்குப் பக்கத்தில் பெஞ்சு போட்டதாகத்தான் ஆகும்.

சூழலியல் பேசும் நாமும் பல நேரம் முதல் கதையின் வாசகர்கள்தான்: ஆறு புனிதம், குடிசை அழுக்கு. திட்டம் வரையும் மேசையில் கரைவாசியும் சாயக்காரரும் உட்காராதவரை மீட்பு என்பது இன்னொரு விரட்டல். இதில் கடவுள் யார் பக்கம் என்பதை அந்தக் கோயிலே சொல்லிவிட்டது. விரட்டப்பட்டவனோடு பாயைச் சுருட்டியவர் அவர். நாம் யார் பக்கம்?