பூக்குழி: வெயிலும் பாறையும் தீயும்

பெருமாள்முருகனின் 'பூக்குழி' நாவல் 2013இல் காலச்சுவடு பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. சாதி மாறி மணந்துகொண்ட சரோஜா, குமரேசன் ஆகியோரின் கதை இது. நூல் தர்மபுரி இளவரசனுக்குக் காணிக்கையாக்கப்பட்டுள்ளது. சரோஜா எந்தச் சாதி என்பதை நாவல் பெயர் சொல்லிக் கூறுவதில்லை. சொல்லாமல் விட்ட அந்த இடத்தில் வெயிலும் பாறையும் நிறமும் தீயும் பேசுகின்றன.

மாரியம்மன் கோயில்களில் நேர்ந்துகொண்டோர் தணல்மீது நடக்கும் குழிக்குப் பூக்குழி என்று பெயர். கொங்குப் பகுதியில் 'குண்டம்' என்ற சொல்லே பரவலானது. பண்ணாரியில் பக்தர்கள் இறங்குவதும் குண்டம்தான். அந்த மண்ணின் கதைக்குப் பூவை உள்ளடக்கிய சொல்லை ஆசிரியர் தலைப்பாக வைத்திருக்கிறார். பூக்குழியில் இறங்குபவர் மறுபக்கம் ஏறி வருவார். பாதம் சுடாமல் வருவது அவரது தூய்மைக்குச் சான்று. சரோஜாவிடம் ஊர் கேட்பதும் அப்படியொரு சான்றையே. அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பு (2016) சிதை என்று பொருள்படும் தலைப்பைக் கொண்டது. சிதையிலிருந்து யாரும் ஏறி வருவதில்லை. தமிழ்த் தலைப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் நப்பாசை அதில் இல்லை.

தீ முடிவில் திடீரென்று வருவதன்று. தொடக்கத்தில் பேருந்தை விட்டு இறங்கும் இருவரையும் உச்சிவெயில் எதிர்கொள்கிறது. குமரேசனின் குடிசை பாறைமேல் இருக்கிறது. அவனுக்கு அது ஆடி வளர்ந்த இடம். நகரத்திலிருந்து வந்த சரோஜாவுக்கோ ஒதுங்க நிழலில்லாத சூடு. குமரேசனின் வெகுளித்தனம் இங்கேதான் தெரிகிறது. தன் பாறையை நம்புவதுபோலவே அவன் ஊரையும் நம்புகிறான். நாளாக நாளாக எல்லாம் ஆறிவிடும் என்று நினைக்கிறான்.

சரோஜாவின் நிறம் இன்னும் நுட்பமானது. சிவந்த மேனி பொதுவாகத் தமிழ்ச் சூழலில் பெருமையாகக் கருதப்படுவது. இங்கே அதுவே அவள் அயலாள் என்று காட்டிக்கொடுக்கிறது. மாமியார் மாராயிக்கு அது மகனை மயக்கிய நிறம். வாய்விட்டுக் கேட்டும் பதில் கிடைக்காத ஊர், சாதியை அவள் உடம்பில் படிக்க முயல்கிறது.

குமரேசனின் தொழிலான சோடாவையும், புட்டிக்குள் அடைபட்ட வாயுவாக, குறியீட்டுக் கணக்கில் சேர்க்க இடமுண்டு. ஆனால் அது வலிந்த வாசிப்பு. நாவலில் சோடா பிழைப்பாகவே இயல்பாக இருக்கிறது.

மாரியம்மன் திருவிழாவைத் தீட்டின்றி நடத்த வேண்டும் என்று சொல்லியே ஊர் அந்தக் குடும்பத்தை விலக்கிவைக்கிறது. நோய் தீர்க்கும் தெய்வத்தின் பெயரால் விலக்கு நடக்கும் இந்தப் பகுதியில் தலைப்பின் பொருள் முழுமையாகத் திரள்கிறது. இறுதியில் கர்ப்பிணியான சரோஜா ஒளிந்திருக்கும் முட்புதருக்குத் தீ வைக்கிறார்கள். அவள் காலைக்கடனுக்கு ஒதுங்கும் புதர் அது. அந்த ஊரில் பிறர் கண்படாமல் அவள் இருக்க முடிந்த ஒரே மறைவிடம். பூக்குழியில் இறங்குபவர் தாமே நேர்ந்துகொண்டு இறங்குவார். சரோஜா எதையும் நேர்ந்துகொள்ளவில்லை.